தொப்பை இல்லாத சம்பந்தி

போன ஞாயிறு என் மகளைப் பெண் பார்க்க அரிமளத்திலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்கும் அவளுக்கும் போனில் பேசியே ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

பையனின் அம்மா உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். தரகர் அனுப்பியிருந்த, போன வருஷத்துக் குடும்ப போட்டோவை போனில் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அண்ணே... ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

ஒன்றும் பண்ணவில்லை. பதினாலு கிலோ குறைந்திருக்கிறேன், அவ்வளவுதான்! எல்லாம் எங்கள் டாக்டரம்மாவின் வேலை. ஓட்ஸ், சாலட் என்றால் நம் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று, நம் வீட்டுச் சமையலை வைத்தே அவராக ஒரு திட்டம் போட்டிருக்கிறார். பெயர் 'அரைத் தட்டு'. தட்டில் பாதி காய், கால் பங்குதான் சோறு, மீதியில் மீனோ பருப்போ. சாப்பிட உட்கார்ந்ததும் தட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். கட்டுமாவடி மீன் வியாபாரியிலிருந்து பேங்க் மேனேஜர் வரை அதில் இருக்கிறோம்.

எல்லாவற்றையும் விளக்கினேன். நம்பினால்தானே? நம் ஊரில் சதை போட்டால் 'நல்லா இருக்கீங்க' என்பார்கள். இளைத்தால்... எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்கள் என்பார்கள்.

பையனின் அப்பா தரகரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வாங்க. ஏதோ பெரிய வியாதிய மறைக்கிறாங்க போலருக்கே?"

எனக்கே கேட்டது. மகளுக்கும் கேட்டிருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது. நான் நிஜமாகவே பயந்துபோனேன். போன தொப்பையை இனி எங்கே போய்த் தேடுவது?

டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். "எதையும் மறைக்க வேணாம் டாக்டர். எல்லாத்தையும் சொல்லிருங்க."

சொல்லித் தொலைத்தார்.

"அவருக்கு ஒரு வியாதியும் இல்லைங்க. வாய்தான் வியாதி! மொத மாசம் பூரா, பாதிச் சோத்தத் தின்னுட்டுத்தான் போட்டோ எடுத்து அனுப்புனாரு. தட்டு ஓரத்துல கொழம்பு ஒட்டியிருந்ததப் பாத்துத்தான் புடிச்சேன்."

வீடே அதிரச் சிரித்தது. என் மானம் போனது - சம்பந்தம் பிழைத்தது!

சட்டை பட்டன் தெறித்துவிடும்போல உட்கார்ந்திருந்த பையனின் அப்பா மெல்ல போன் பக்கம் குனிந்தார்.

"டாக்டரம்மா... அந்த குரூப்புல என்னையும் சேத்துக்குவீங்களா?"

அன்றைக்கே பூ வைத்துவிட்டார்கள். மகள் சிரித்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தியம்மா பதறிப்போய் அருகில் வந்தார்.

"கண்ணுல தண்ணி வருதே... நெசமாவே ஒண்ணும் இல்லல்லண்ணே?"