எறும்பு வராத கல்

தேரோட்டத்தன்று ஊரே வடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்து இழுக்கும். காசிலிங்க ஆசாரி ஒருவர்தான் தேரைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார். அவர் கையில் முட்டுக்கட்டை இருக்கும். புளிய மரத்தில் ஆப்பு போலச் செதுக்கி நீண்ட காம்பு வைத்த கட்டை அது. ஆள் உயரச் சக்கரம் உருண்டு வரும்போது அதன் அடியில் கட்டையைச் செருகிவிட்டு விலக வேண்டும். செருகப் பிந்தினால் தேர் யார் வீட்டுச் சுவரிலாவது ஏறும். விலகப் பிந்தினால் அவர் மேலேயே ஏறும்.

ஸ்ரீவைகுண்டத்தில் அவர் முதன்முதலாகக் கட்டை பிடித்த வருஷத்தில்தான் வடிவம்மாள் ஏரலிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் ஒரு தேரோட்டத்திலும் சாமியை ஒழுங்காகக் கும்பிட்டதில்லை. சாமி மேலே இருக்கும். அவள் கண் சக்கரத்தின் அடியிலேயே இருக்கும்.

ஆசாரிக்கு நாற்பது தாண்டியதும் நீரிழிவு வந்தது. குடித்த தண்ணீர் போதவில்லை. இரவில் ஓயாமல் எழுந்து புறவாசலுக்குப் போனார். விடிந்து பார்த்தால், அவர் ஒதுங்கும் கல்லில் எறும்பு கறுப்பாக மொய்த்திருக்கும். வைத்தியர் பாகற்காயும் கேழ்வரகுக் கூழும் ஆவாரம்பூக் கஷாயமும் சொன்னார். "எறும்புதான் சாட்சி. அது வராத நாள் நோய் போயிட்டுன்னு வச்சுக்கிடும்" என்றும் சொன்னார்.

அந்த வார்த்தையை ஆசாரி பிடித்துக்கொண்டார். கோயில் பொங்கலைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விடிந்ததும் முதல் வேலையாகக் கல்லிடம் போய்க் குனிந்து பார்ப்பார். எறும்பு இருக்கும். திரும்பி வந்து கஷாயத்தைக் குடிப்பார். இப்படியே பல வருஷம் போயிற்று.

பிறகு மகளைப் பெண் பார்க்கப் பத்தமடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் புறவாசல் பக்கம் போனால் எறும்பைப் பார்ப்பார்கள், குடும்பத்து நோய் என்று பேசுவார்கள். இதை நினைத்து வடிவம்மாள் முந்தின இரவே கல்லைக் கழுவி, அடுப்புச் சாம்பலோடு சுண்ணாம்புத் தூளைக் கலந்து சுற்றிலும் தூவிவிட்டாள்.

விடிந்ததும் புறவாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஏளா வடிவு! இங்கன வந்து பாரு! ஒரு எறும்பு இல்ல!"

அவள் ஓடினாள். ஆசாரி கல்லின் முன்னால் குந்தியிருந்தார். கண் நிறைந்திருந்தது. "போயிட்டு, ஏளா. போயே போயிட்டு!"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தெருவுக்குப் போய் எதிர்வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் நெய் வழியும் பொங்கலோடு வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அன்று மாலையும் சாம்பல் தூவினாள். அந்த நாளை வரவே இல்லை. கல்யாணம் முடிந்து மகள் பத்தமடைக்குப் போன பிறகும் தூவினாள். தூவாவிட்டால் எறும்பு வரும், வந்தால் அவர் கேட்பார் என்ற பயம்தான் மிஞ்சியிருந்தது.

இரண்டாவது வருஷத்தில் வேறு சில காரியங்கள் அவள் கண்ணில் பட்டன. ஆசாரி கோயில் படியில் பாதியில் நின்று, கோபுரத்தைப் பார்ப்பது போலப் பாவனை செய்தார். சாயங்காலம் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார்.

"நெஞ்சு வலிக்கா?" என்று கேட்பாள்.

"வலியா? ஒரு பொட்டு கிடையாது. வாய்வு, ஏளா."

தேருக்குக் கொடி ஏறிய அன்று அவர் நடந்து வந்த தரையில் ஈரமாக ஒரு கறை தெரிந்தது. பாதத்தில் சீழ். கெஞ்சிக் கூத்தாடி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த டாக்டர் ஞானசிகாமணி புண்ணைக் கழுவி, இடுக்கியால் எதையோ பிடுங்கித் தட்டில் போட்டார். டங்கென்று விழுந்தது. துருப்பிடித்த ஆணி.

"எத்தனை நாளா இதோட நடக்கீரு?"

"ஆணியா? எங்கன இருந்துது?" என்று ஆசாரி திகைத்தார்.

டாக்டருக்கு முகம் மாறியது. குழலை எடுத்து நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். கணுக்காலை அழுத்திப் பார்த்தார். "நீரிழிவு உண்டா?"

"இருந்துது. போயிட்டு."

"பல வருஷம் சர்க்கரை தங்கின உடம்பு, ஆசாரியாரே. ரத்தக் குழாயெல்லாம் தடிச்சுப் போகும். இருதயம் பைய பைய களைச்சுப் போகும். உம்ம இருதயம் களைச்சிருக்கு. தேர் வேலைக்கு இந்த வருஷம் போவ வேண்டாம். சிறுநீர் கொஞ்சம் பிடிச்சுத் தாரும், நீல மருந்தை ஊத்திக் காய்ச்சிப் பாத்துருவோம். சர்க்கரை இருந்தா நிறம் மாறிரும்."

"அதை எறும்பு பாத்துட்டு, டாக்டரையா. எறும்புக்குத் தெரியாதது உம்ம குப்பிக்குத் தெரியுமாக்கும்?" ஆசாரி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். வாசலில் நின்ற வடிவம்மாள் சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவர் பின்னால் நடந்தாள்.

வீட்டில் தம்பி இசக்கியப்பன் காத்திருந்தான். முப்பது வயசுக்காரன். அண்ணனோடு கூட நின்று வேலை பழகினவன். "அண்ணாச்சி, இந்த வருஷம் நான் போடுதேனே" என்றான்.

"ஏலே, நீ கட்டை போடுவியா, கட்டையில போவியா?" என்று ஆசாரி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தேரோட்டத்தன்று வெயில் ஏறுமுன்பே தேர் நிலையை விட்டுக் கிளம்பியது. மேலத் தெரு நேரான தெரு, அதிக வேலை இல்லை. ஆனாலும் வடிவம்மாள் கூட்டத்தோடு நடந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு முழுக்க வேர்வை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. தேர் நிற்கும்போதெல்லாம் காம்பை ஊன்றி அதன்மேல் சாய்ந்தார்.

இனி வருவது கீழ முக்கு. அங்கே தெரு ஆற்றைப் பார்த்துச் சரிந்து திரும்பும். ஒரு சக்கரத்தை முட்டி நிறுத்தினால்தான் மறு சக்கரம் சுற்றித் தேர் திரும்பும். அந்த இடத்தில் அவருக்கு மூச்சு முட்டினால்?

முக்குக்குச் சற்று முன்னால் தேர் நின்றிருந்தது. வடம் பிடித்தவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வடிவம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்றாள்.

"ஏம்மா, விலகு! சங்கு ஊதப் போறாங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"கட்டையைத் தம்பிட்ட குடுங்க" என்றாள்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? போ அங்கிட்டு!"

"உங்க நோய் போகல. எறும்பு வராம இருந்ததுக்கு நாந்தான் காரணம். தெனமும் அந்தக் கல்லைச் சுத்திச் சாம்பலும் சுண்ணாம்பும் நான் போட்டேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் வடத்துப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "மூத்திரக் கதையைக் கொண்டாந்து சாமி முன்னால வைக்காளே!" என்றான் ஒருவன். அவள் முகம் எரிந்தது. ஆனாலும் கால் நகரவில்லை.

ஆசாரி அவளை முறைத்தார். "பொய். டாக்டர் சொல்லிக் குடுத்தத நீ ஒப்பிக்கிற. எனக்கு நெஞ்சுல ஒரு வலி உண்டா?"

"என்னை நம்பாண்டாம். கால்ல ஆணி கிடந்துதே, அது வலிச்சுதா? அங்கன தெரியாத வலி நெஞ்சுல மட்டும் வந்து சொல்லிட்டா போகும்?"

சிரிப்பு அடங்கியது. ஆசாரி குனிந்து தம் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். மண்ணும் ரத்தமுமாகக் கட்டு நனைந்திருந்தது. அது எப்போது நனைந்ததென்று அவருக்குத் தெரியவில்லை. பாதத்தை ஒருமுறை தரையில் ஓங்கி மிதித்துப் பார்த்தார். பிறகு கட்டையைத் தம்பியின் கையில் வைத்தார். அவளை ஏறிட்டுப் பார்க்காமல் ஓரமாகப் போய்ச் சுவரடியில் உட்கார்ந்தார்.

சங்கு ஊதியது. தேர் சரிவில் இறங்கியது. இசக்கியப்பன் பின்னோக்கி நடந்தான். கட்டை போட வேண்டிய இடத்தில் சக்கரம் வந்ததும், சுவரடியில் இருந்த ஆசாரி தம்மை மறந்து எழுந்து, "போடுலே!" என்று கத்தினார். கட்டை விழுந்தது. தேர் முனகித் திரும்பியது. அந்த ஒரு கத்தலோடு ஆசாரியின் மூச்சும் நின்றுவிட்டது போலாயிற்று. கண் சொருகி அப்படியே சரிந்தார். வடிவம்மாள் தாங்கிக்கொண்டாள். சக்கரத்தின் முன்னால் அவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் மருந்து கொடுத்து, பல நாள் சாய்த்தே படுக்க வைத்தார். குப்பியில் ஊற்றிய நீல மருந்து காய்ச்சினதும் செங்கல் நிறமாக மாறியதை ஆசாரி தம் கண்ணாலேயே பார்த்தார். மறுபடியும் கூழும் பாகற்காயும் வந்தன. போட்டதைத் தின்றார். ஆனால் ஆடி முடியும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவிலோ பெண்கள் அவளைக் கண்டால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தேரை நிறுத்தினவள் என்று பேர் வைத்தார்கள். அவள் சாம்பல் கிண்ணத்தைப் புறவாசலிலிருந்து எடுத்து, பாத்திரம் தேய்க்கக் கிணற்றடியில் வைத்துவிட்டாள்.

ஆவணி மாதம் ஒரு காலையில் புறவாசலிலிருந்து குரல் வந்தது. "ஏளா வடிவு!"

அவள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆசாரி காலில் செருப்போடு கல்லின் முன்னால் குந்தியிருந்தார்.

"வந்திருக்கு. ஆனா முந்தி மாதிரி இல்ல, கம்மிதான்" என்றார். பிறகு அவள் கையை ஓரக்கண்ணால் பார்த்தார். "கையில சாம்பல் ஒண்ணும் இல்லயே?"

"பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன்" என்று அவள் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அங்கனயே கழுவிட்டு வா. இங்கன நின்னு உதறாத" என்றார். சொல்லிவிட்டு அவள் தோளைப் பிடித்துப் பைய எழுந்தார்.