கேரல் அக்கா வரவேண்டாம் என்றார்

செய்தி வந்தபோது நான் ஒரு மனிதரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். கவுன்சிலில், வீட்டு வாசலில் கார் நிறுத்த அனுமதி கொடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. லண்டனில் சம்பளத்தோடு திட்டும் தவறாமல் கிடைக்கிற இடம் அது. அந்த மனிதர் என் பரம்பரையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. சூசை அண்ணை. "தம்பி, கேரல் எங்களை விட்டுப் போட்டா. விடிய ஆறு மணிக்கு." அவ்வளவுதான் எழுதியிருந்தார். நான் எதிரில் நின்றவரிடம், "நீங்கள் சொல்வது முழுக்கச் சரி" என்றேன். அவர் பயந்துபோய்ப் படிவத்தையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

உடனே எனக்கு அழுகை வரவில்லை. நாட்களை விரல் விட்டு எண்ணினேன். கேரல் அக்காவோடு கடைசியாகப் பேசி இருபத்தொரு நாள். வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் போகவில்லை. என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

இப்படியான நினைவு மலர்களில் போனவரின் பெருமைதான் முதலில் வர வேண்டும். இங்கே என் குற்றம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரும் இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சூசை அண்ணை கேட்டபோது, என்னால் ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவரிடம் 'ஏலாது' சொல்லும் யோக்கியதையை நான் ஏற்கெனவே இழந்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேரல் அக்கா அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், சோளக்காட்டு நடுவே பிறந்தவர். லண்டனுக்குத் தாதியாக வந்து, அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த மன்னார்க்காரர் சூசை அண்ணையைக் கல்யாணம் செய்து, கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்தார். "சூசை ஒரு அமெரிக்கக்காரியைக் கட்டிப்போட்டான்" என்ற செய்தி லண்டனின் மறுகோடிகளில் எங்கள் சனம் இருக்கும் பிளேஸ்டோவுக்கும் கிங்ஸ்பரிக்கும் போய்ச்சேர அரை நாள்கூட எடுக்கவில்லை. கொண்டுபோனவர்களில் முதல் ஆள் நான்.

எங்களில் ஒருவரும் அதுவரை ஓர் அமெரிக்கரைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் அமெரிக்கரைத் தெரியும்.

"ரெண்டு வருசம். அதுக்குப் பிறகு சூசையை விட்டிட்டுப் போயிடுவா, பாருங்கோ."

"வீட்டில துவக்கு, தோட்டா எல்லாம் வச்சிருப்பாவோ?"

"சரியான காசுக்காரியா இருப்பா."

"உலகப் படத்தைக் குடுத்தால் இலங்கை எங்க கிடக்கெண்டு காட்டத் தெரியாது." இதைச் சொன்னவன் நான். அயோவா எங்கே கிடக்கிறதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

என் மனைவி றெஜினாவின் சந்தேகம் வேறு மாதிரி. "ஐயோவா எண்டும் ஒரு ஊரோ? ஆர் செத்ததுக்கு வச்ச பேர்?"

கல்யாணம் முடிந்த மாதமே நாங்கள் ஐந்து பேர் புதுப்பெண்ணைப் பார்க்கப் போனோம். சூசை அண்ணை வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. கேரல் அக்கா கதவைத் திறந்தார், ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார். என் கல்யாணத்தன்றுகூட என்னை யாரும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. இருத்திவிட்டு, தேநீர் குடிக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ, நோ" என்றோம், ஐந்து பேரும் ஒரே குரலில். கேட்டவுடன் ஓம் என்பது எங்களுக்கு அழகில்லை, உங்களுக்குத் தெரியும். வந்தவர் வேண்டாம் என்பார், வீட்டுக்காரர் விடமாட்டார், வந்தவர் மறுபடி வேண்டாம் என்பார், அதற்குள் தண்ணீர் கொதித்துவிடும்.

கேரல் அக்கா "ஓகே!" என்றார். எங்களுக்கு முன்னால் வந்து சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம். மேசையில் ஒரு பெரிய கேக்கை மூடி வைத்திருந்தார். எங்களுக்காகவே செய்தது என்று பிறகுதான் தெரிந்தது. வெளியே வந்து டூட்டிங்கில் ஒரு கடைக்குள் விழுந்து ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் தின்றோம். அமெரிக்கக்காரர் வீட்டில் பச்சைத் தண்ணீரும் கொடுக்கமாட்டார்கள் என்ற தீர்ப்பு அந்தக் கடையிலேயே எழுதப்பட்டது.

அதை ஒரு நகைச்சுவைக் கட்டுரையாக்கி எங்கள் கத்தோலிக்கக் கோயில் ஆண்டு மலரில் போட்டேன். பெயர் எழுதவில்லை, 'ஓர் அமெரிக்கப் பெண்மணி' என்று மட்டும். கோயிலுக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி மொத்தம் ஒருவர். சூசை அண்ணை, பாவி மனுசன், அதை வரிக்கு வரி அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு பூசை முடிய அவர் என்னை நோக்கி வருவதைக் கண்டு அந்தோனியார் சுருவத்துக்குப் பின்னால் போய் நின்றேன். சிலையில் அந்தோனியார் மெலிந்தவர். நான் அப்படியில்லை.

கேரல் அக்கா சிரித்த சிரிப்பில் சுவாமியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: எத்தனை தரம் கேட்க வேண்டும்? நான் பேராசிரியர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூன்று தரம் என்றேன். மூன்றாவது தரமும் வேண்டாம் என்றால்? கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். அப்படியென்றால் உண்மையாகவே வேண்டாதவர் என்ன சொல்வார்? "உண்மையாக வேண்டாதவர் உங்கள் வீட்டுக்கு வரவே மாட்டார்" என்றேன். தாதிமார் பழக்கத்தில் பேனாவை எடுத்துப் புறங்கையில் '3' என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கோலியர்ஸ் வுட்டில் ஒரு மனிதரும் தப்பவில்லை. மின்மானி பார்க்க வந்த ஆங்கிலேயர் ஒருவர் மூன்று முறை மறுத்துவிட்டு, மூன்று கோப்பை குடித்துவிட்டுத்தான் வெளியேறினார். பிறகு எங்கள் தமிழும் கேரல் அக்காவுக்கு வந்துவிட்டது, மன்னார் வாசத்தோடும் சோளக்காட்டு வாசத்தோடும். "உங்கட வேண்டாம் சரியான மெலிசு, டொமினிக் தம்பி" என்று ஒருநாள் சொன்னார். "பின்னால நிக்கிறது எல்லாம் தெரியுது."

ஆனாலும் அவரை அமெரிக்கக்காரியாக வைத்திருப்பதில் எங்களுக்கு ஒரு சுகம் இருந்தது. அங்கே ஜனாதிபதி தும்மினாலும் இங்கே கோயில் மண்டபத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். "என்ன அக்கா, உங்கட ஆள் இப்பிடிச் செய்துபோட்டார்?" ஏதோ இவரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்த மாதிரி. "நான் எடுத்தால் அவர் போனை எடுக்கிறார் இல்லை" என்பார். எங்காவது அமெரிக்கக் குண்டு விழுந்த கிழமைகளில் கேள்வி கூராக இருக்கும். அப்போது பகிடி விடமாட்டார். "பிழைதான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து மேசையைத் துடைப்பார். துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைப்பார்.

ஒருமுறை என்னிடம், "உங்களைக் கண்டால் எந்த நாடு எண்டு கேக்கினம். என்னைக் கண்டால் ஏன் அப்பிடி ஒரு நாடு எண்டு கேக்கினம். ஆருக்குக் கஷ்டம், சொல்லுங்கோ?" என்றார்.

"எனக்குத்தான்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஓம். உங்களுக்குத்தான்."

லண்டன் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதே பெரிய குற்றம். கேரல் அக்கா கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்து நிற்பார். சனம் அடுத்த பேருந்துக்குப் போகிற மாதிரி நழுவும். "உது அமெரிக்கச் சிரிப்பு" என்று நான் றெஜினாவிடம் சொல்வேன். "பல்லோட நிண்டுவிடும். அடிவரைக்கும் போகாது."

பிறகு அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தார். பெருந்தொற்றில் விமானம் ஓடாத காலம், வீட்டுக்கு வீடு போகக்கூடாத காலம். அடக்கத்தைப் போனில் பார்த்தேன். நடுவில் இணைப்பு அறுந்து, திரும்பி வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். கேரல் அக்கா அழைத்து வரட்டோ என்றார். வேண்டாம் அக்கா, வரவும் ஏலாது என்றேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. வேண்டாம். மூன்றாவது முறையும் வேண்டாம். பின்னேரம் யன்னலுக்கு வெளியே ஏதோ சத்தம். எங்கள் முன் தோட்டத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், சட்டம் சொன்ன தூரத்தில் மடக்குக் கதிரையை விரித்து, குளிர் அங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

"மூண்டு தரம் சொல்லிட்டீங்கள். அதுதான் வந்தனான்."

போனில் பேசிய மற்ற எல்லாரும் விமானத்தைப் பற்றியும் விசாவைப் பற்றியுமே பேசினார்கள். அவர் கேட்டது வேறு. யன்னலுக்கும் கதிரைக்கும் இடையில் தூரம் என்றபடியால் கத்திக் கேட்டார். எங்களுடைய தெரு முழுவதற்கும் கேட்டது.

"அப்பா எதுக்குச் சிரிப்பார்?"

முன்வீட்டுத் திரைச்சீலை விலகியது. நான் யன்னலில் நின்று, அப்பா தன்னுடைய சைக்கிளைத் தானே களவெடுத்த கதையைக் கத்திச் சொன்னேன். கதை பாதியில் நின்றது. ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்று பெயரெடுத்த நான், தெரு பார்க்க, சிறுபிள்ளை மாதிரி அழுதேன். அவர் எழும்பிப் போகவில்லை. குளிரில் மூக்கு சிவந்து, "பிறகு? பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதையெல்லாம் தெரிந்த ஒருவன்தான் அவர் போவதற்கு இருபத்தொரு நாளைக்கு முன்னால் அவருக்குப் போன் எடுத்தான்.

புற்றுநோய் முற்றி, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. "அக்கா, சனிக்கிழமை ஒருக்கால் வரட்டோ?" என்றேன். அவர் குரல் நூல் மாதிரி இருந்தது. "வேண்டாம் தம்பி. வீடு கிடக்கிற கிடையில. நானும் பாக்க வடிவா இல்லை. உங்களுக்கேன் கரைச்சல்."

"சரி அக்கா" என்றேன். உடனே.

றெஜினா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றாள். "போய் எட்டிப் பாத்திட்டு வாங்கோவன்."

"வேண்டாமெண்டிட்டா."

"அவ சும்மா சொல்லியிருப்பா."

"எடி, அவ அமெரிக்கக்காரி. அவையள் வேண்டாமெண்டால் வேண்டாம்தான்."

உண்மையில் எனக்குப் பயம். மெலிந்த கேரல் அக்காவை, சத்தமாகச் சிரிக்க முடியாத கேரல் அக்காவைப் பார்க்க என்னால் ஏலாது. என்ன பகிடி விடுவது என்றும் தெரியவில்லை. அவர் பிறந்த நாடு எனக்கு நல்ல சாட்டாக அகப்பட்டது. இருபத்துமூன்று வருஷம் எங்கள் செத்த வீடுகளில் பாத்திரம் கழுவி, எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்து, எங்கள் பெண்களைப் போலவே 'வீடு கிடக்கிற கிடை' என்று சொல்லப் பழகிய மனுசியை, எனக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு நிமிடத்தில் நான் திரும்பவும் அமெரிக்கக்காரி ஆக்கிவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், இரவல் வாங்கிய கதிரைகளை அடுக்கிக் கொடுக்கப் போனேன். சூசை அண்ணை அவற்றை எண்ணிக்கொண்டு நின்றவர், எண்ணுவதை விட்டுவிட்டுச் சொன்னார்.

"நீர் போன் எடுத்தீரெல்லோ. அந்தச் சனிக்கிழமை தலை வாரி இழுத்துவிடச் சொன்னவ. நீலச் சட்டையைப் போட்டுவிடச் சொன்னவ. யன்னல் கதிரையில கொண்டுபோய் இருத்தினனான். ஆர் வருகினம் எண்டு கேட்டன். டொமினிக் தம்பி வருவார் எண்டவ."

நான் அடுத்த கதிரையை மடக்கினேன்.

"நீ வேண்டாமெண்டெல்லோ சொன்னனீ எண்டு கேட்டன். 'ஓம், ஒருக்கால்தானே சொன்னனான்' எண்டவ."

கையிலிருந்த கதிரையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"அடுத்த சனியும் இருந்தவ. அதுக்கடுத்த சனி எழும்ப ஏலேல்ல. உம்மைக் குறை சொல்லேல்ல தம்பி. உமக்கும் வேலை, ஷிப்ட்." எனக்கு ஷிப்ட் வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும். கவுன்சில் சனிக்கிழமை பூட்டு என்பதும் தெரியும்.

அக்காவின் பொருட்களில் விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். றெஜினா கேக் தட்டை எடுத்துக்கொண்டாள். நான் ஒன்றும் எடுக்கவில்லை. கேரல் அக்காவிடமிருந்து எனக்கென்று கிடைத்தவை அந்த இரண்டு சனிக்கிழமைகள். முதலாவதில் நான் சோபாவில் படுத்துக் கிரிக்கெட் பார்த்தேன். இரண்டாவதில் மழை பெய்தது, இனிக் கார் கழுவத் தேவையில்லை என்று சந்தோஷப்பட்டேன். இரண்டையும் இனி யாருக்கும் கொடுக்க ஏலாது, திருப்பிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

சூசை அண்ணை கடைசியாகச் சொன்னது இது. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கே இருண்டுவிட்டதாம். லைட்டைப் போடட்டோ என்று கேட்டிருக்கிறார். போட வேண்டாம் என்றாராம் கேரல் அக்கா. லைட் போட்டால் யன்னல் கண்ணாடியில் தன்னுடைய முகம்தான் தெரியும், றோட்டில் ஆர் வருகினம் என்று தெரியாது என்றாராம்.