அப்பாவின் குழியில் முதல் பிடி மண்

அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லாருக்கும் தோத்திரம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அப்பா பிறந்தது ராதாபுரம் பக்கம் ஒரு பனங்காட்டு ஊர். மழை பொய்த்த வருஷம் தாத்தாவோடு தாமிரபரணிக் கரைக்கு வந்து, நம் கோயிலில் மணி அடிக்கிற ஊழியத்தில் சேர்ந்தார்கள். தெருவுக்குள் வெள்ளம் வந்த நாளிலும் மணி தவறியதில்லை. அடக்கத்துக்குக் குழி வெட்டுவதும், மண் போட வருகிறவர்களுக்குக் பனையோலைக் கடகத்தில் மண்ணை நீட்டுவதும் அப்பாதான்.

அத்தை மேலப்பாளையத்தில் தறி நெய்கிற முஸ்லிம் மாமாவைக் கல்யாணம் முடித்தபோது, அப்பா கோபத்தில் சொன்னார்கள்: "நான் செத்தா என் குழியில அவன் கை ஒரு பிடி மண்ணு போடக்கூடாது." பக்கத்தில் நின்று ஆமென் சொன்னது சித்தப்பா.

இருபத்திரண்டு வருஷம் அந்த வார்த்தை நின்றது.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஒரு ஞாயிறு மணி அடித்துவிட்டு, "கயிறு கனக்குதுலே. மேல யாரோ பிடிச்சு இழுக்குத மாதிரி இருக்கு" என்றார்கள். அன்று திருவிருந்துக்கு முழங்கால் போட்ட அப்பா, அப்பமும் ரசமும் வாங்காமலே எழுந்து வந்துவிட்டார்கள். அடுத்த மாதமும் அப்படியே. கேட்டதற்கு, "பகைய வச்சுக்கிட்டு எந்தக் கைய நீட்டுவேன்?" என்றார்கள். அந்த வார்த்தையோடேயே போய்விடுவார்களோ என்று இருந்தது எனக்கு.

ஒரு நாள் அப்பாவே ஆட்டோ பிடிக்கச் சொன்னார்கள். மேலப்பாளையத்தில் மாமா வாசலுக்கு வந்து, "வாங்க மச்சான். வழி தெரிய இம்புட்டு வருசமாச்சோ?" என்றார்கள். அத்தை அழுதார்கள்.

"மாப்ளே, நான் சொன்னத நானே எடுத்துக்கிடுதேன். மொதப் பிடி மண்ணு நீங்கதான் போடணும்."

"சாவப் பத்தி என்ன பேச்சு? சாயாவக் குடிங்க."

அந்நேரம் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இருலே, அவுங்க மணி அடிக்குது" என்று அப்பா தலைகுனிந்து ஜெபித்தார்கள்.

அந்த ஞாயிறு திருவிருந்து வாங்கினார்கள். அந்த வாரமே போய்விட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் சித்தப்பா குறுக்கே நின்றார்கள். பின்னால் நாலைந்து பேர். "அவன் உள்ள வந்தா பெட்டி உள்ள போவாது, பாத்துக்கோ." பெட்டி தோளிலேயே நின்றது.

மாமா பைய, "நான் போயிருதேன் மருமவனே. மச்சான் நல்லபடியா அடங்கட்டும்" என்றார்கள்.

"நீங்க போனா அப்பா சொல்லு பொய்யாயிரும் மாமா" என்று அவர்கள் கையைப் பிடித்து நடந்தேன். குறுக்கே நின்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். கர்த்தர் வழி விட்டார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு முதல் பிடி மண்ணைப் போட்டார்கள். சித்தப்பா மண் போடாமலே திரும்பிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்கும், குருவானவருக்கும், பெட்டி தூக்கியவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சோறாக்கிக் கொண்டுவந்த அத்தை வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

கல்லறை இன்னும் கட்டவில்லை. சிமெண்ட் பூசிவிட்டால் மண் போட முடியாது. சித்தப்பா, இப்போது நீங்கள்தான் மணி அடிக்கிறீர்கள். கயிறு கனக்கிறது என்று போன ஞாயிறு சொன்னீர்களாம். கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் பிடி மண் பாக்கி இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.