அண்ணன் காலுக்கு அளவெடுத்த செருப்பு

என் ஆர்மோனியப் பெட்டிக்குள் இப்போது ஒரு ஜோடி தோல் செருப்பு இருக்கிறது. வாத்தியத்தை விற்றாயிற்று, அதைத் தூக்கிச் சுமந்த மரப்பெட்டி மட்டும் மிச்சம். தற்செயலாகத் திறந்து பார்ப்பவர்கள், கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, சரஸ்வதி இருந்த இடத்தில் செருப்பை வைத்திருக்கிறான் என்று முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். அந்தச் செருப்புக்கு நான் செய்த மரியாதை இதொன்றுதான்.

அதைப் போட்டு நடந்தவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். கூடப் பிறந்தவர் இல்லை. கண்டி பஸ் நிலையத்தில் நான் தனியாக வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று யாரோ பாட ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்த்தால் கையில் கம்போடு கண் தெரியாத ஒரு மனிதர். அதுவரை என் பெட்டியைக் கடந்து போய்க்கொண்டிருந்த ஜனங்கள் அன்றைக்குத்தான் நின்றார்கள். என் விரல்கள் சுமார்தான். என் தொண்டையோ கேட்கவே வேண்டாம். அவர் குரல் இல்லாவிட்டால் நான் வெறும் பெட்டி தூக்குகிறவன் என்பது அந்த முதல் நாளே எனக்குத் தெரிந்துபோயிற்று. அவர் போய்விடுவாரோ என்ற பயம்தான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

எங்கள் தொழிலில் பாடத் தெரிந்தால் மட்டும் போதாது, பஸ்ஸின் போர்டைப் படிக்கவும் தெரிய வேண்டும். குருநாகல் பஸ் நின்றால் சிங்களப் பாட்டு. அக்குறணை பஸ் என்றால் நபிகள் புகழ். பேராதனைக்குப் போகும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்றால் புதுப் படப்பாட்டு. நான் போர்டைப் படித்து அவர் காதில் சொல்வேன். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் நான் சுருதியைப் பிடித்திருப்பேன். அவருக்கு நான்தான் கண் என்று நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பூரித்துப்போனவன்தான் நான். இன்று அந்தச் சொல்லை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவர் முன்பு வேலை செய்த தேயிலைத் தோட்டம் ஹந்தானை மலையில் இருந்தது. ஹந்தானை பஸ்ஸுக்கு மட்டும் அவர் சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. ‘மலைக்கு மேல மஞ்சு வந்தா மகளே கதவைச் சாத்து’ என்று தொடங்கும். தாய் இல்லாத மகளைத் தோட்டத்து லயத்து வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போன நாட்களில் கட்டியது. அப்போது கண் இருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தவறி இடது காலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. சில வருடம் கழித்துக் காய்ச்சலில் கண்ணும் போனது. மகளுக்குக் கல்யாணமான பிறகு, சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றி மருமகன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அன்றே கம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மகள் வந்து கூப்பிட்டால் போவேன், நானாகப் போகமாட்டேன் என்பார். ரோஷக்காரர். ஆனாலும் தினமும் காலையில் முதல் கேள்வி, “ஹந்தானை பஸ் வந்திருச்சா தம்பி?” என்பதுதான். பாட்டைக் கேட்கிற யாராவது லயத்தில் போய்ச் சொல்லமாட்டார்களா என்ற ஆசை.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் மகள் வந்தாள். அண்ணன் அப்போது பக்கத்துச் சலூனில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் வெளியே பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்ன அடையாளத்திலேயே ஆளைப் புரிந்துகொண்டேன். இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி தோட்டம் தோட்டமாக ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டதாம்.

“அப்பா பேரும் அதுல இருக்குங்க. எங்க வீட்டுக்காரரே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமை கண்டி ஸ்டேஷன்ல கோச்சி ஏறுறோம்” என்றாள்.

என் வாயில் எப்படி வந்ததோ தெரியாது. அவர் மாத்தளைத் திருவிழாவுக்குப் பாடப் போயிருக்கிறார், வர ஒரு மாதமாகும் என்றேன். அந்த நேரம் பார்த்துச் சலூனுக்குள் அண்ணன் எதற்கோ பெரிதாகச் சிரித்தார். நான் சட்டென்று துருத்தியை இழுத்து, கட்டை சரியில்லாததுபோல நாலைந்து கட்டைகளை அழுத்தினேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, இடையில் வந்துவிட்டால் இதைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள் என்று கும்பிட்டுவிட்டு, ஹந்தானை பஸ்ஸில் ஏறிப் போனாள்.

அதோடு விட்டேனா? பொட்டலத்தைப் பிரித்து, நான் வாங்கியதாகச் சொல்லிச் செருப்பை அவருக்குக் கொடுத்தேன். வீசிவிட மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் துணியவில்லை. அவர் காலை நுழைத்துப் பார்த்தார். இரண்டடி நடந்தார். அளவு யாரிடம் கேட்டாய் என்றார். கண்ணால் பார்த்தே எடுத்தேன் என்றேன். “நல்ல கண்ணு தம்பி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் எங்களைப் பாடச் சொல்வது வழக்கம். ஊரை விட்டுப் போகும்போது கடைசியாக ஒரு பாட்டு. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வயிற்றுவலி என்று படுத்துப் பார்த்தேன், அண்ணன் விடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு போனார். மேடை முழுக்க மூட்டையும் அழுகையும். நான் அவரைக் கோச்சியின் கடைசிப் பெட்டிப் பக்கமாக நிறுத்தினேன். மற்ற நாள் யார் என்ன கேட்கிறார்களோ அதைப் பாடுகிறவர், அன்று யாரும் கேட்காமலே மகளுக்குக் கட்டிய பாட்டைத் தொடங்கினார்.

கோச்சி நகரத் தொடங்கியபோது முன்பக்கத்து ஜன்னலிலிருந்து “அப்பா” என்று ஒரு குரல் வந்தது. பாதி உடம்பு வெளியே தெரிய அவள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பாட்டை நிறுத்தி, குரல் வந்த பக்கம் இரண்டெட்டு வைத்தார். நான் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். பிறகு கழுத்தில் தொங்கிய ஆர்மோனியத்தை, இருந்த பலம் முழுவதையும் கொடுத்து வாசித்தேன். அவ்வளவு சத்தமாக அதற்கு முன்னும் பின்னும் நான் வாசித்ததில்லை. கோச்சி போய்ச் சத்தம் அடங்கிய பிறகு அண்ணன் கேட்டார்.

“தம்பி, எம்மக குரல் மாதிரி கேட்டுச்சே. நீ பாத்தியா?”

“எல்லாப் புள்ளைகளும் அப்பான்னுதானே கூப்பிடுது அண்ணே. நான் யாரையும் பாக்கல.”

அவர் தலையை ஆட்டினார். அடுத்த நாளிலிருந்து ஹந்தானை பஸ்ஸைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தப் பாட்டையும் பாடவில்லை. மறந்துவிட்டார், நல்லதாய்ப் போயிற்று என்று நான் நிம்மதியாக இருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள். ஆறு வருடம் அப்படியே அவர் கையைப் பிடித்து நடத்தினேன். அவரும் நடந்தார்.

கடைசியில் பேராதனை ஆஸ்பத்திரியில், நோயாளரைப் பார்க்கும் நேரம் முடியப்போகும்போது, கட்டிலுக்கடியில் செருப்பு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

“எடது கால்ல, வாருக்கு அடியில, வெரல் இல்லாத பக்கம் துணி வச்சுத் தச்சிருக்கு. எம்மக எப்பவும் அப்படித்தான் தைப்பா. கால விட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

ஏன் அண்ணே கேட்கவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன் தம்பி.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாதி வந்து வெளியே போகச் சொன்னதும், நாளைக்கு வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தப்பித்து வந்தேன். மறுநாள் காலையில் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். செருப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

தோட்டத்துக்குப் போய் விசாரித்தேன். அந்த லயக் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. இந்தியாவில் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போதும் சில நாள் பெட்டியைத் திறந்து, இடது செருப்பின் வாருக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன். மஞ்சள் சேலைத் துணி, சின்னச் சின்னத் தையல். அன்று பொட்டலத்தைப் பிரித்த எனக்கு இரண்டு கண் இருந்தும் இது தெரியவில்லை. அண்ணே, இப்போது சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் கூப்பிட வந்தாள். நீங்கள் சலூனில் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவள் நின்ற இடத்துக்கும் உங்களுக்கும் பத்து எட்டு வைக்கும் தூரம்தான் இருந்தது.