அத்தான் சீமெந்து பூசிய மரவீடு

என் அக்கா யோகராணியின் கணவர் சச்சிதானந்தன், அதாவது என் அத்தான், கனடாவில் ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் யாராவது கேட்டால் தன்னை அரை எஞ்சினியர் என்றுதான் சொல்வார். கோயில் கட்டடக் குழுவில் இரண்டு வருடம் இருந்ததால் கிடைத்த பட்டம் அது. கொங்கிரீட் கொட்டிய அன்று மஞ்சள் தொப்பியோடு அவர் நின்ற படம், வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சாமிகளின் படம் கொஞ்சம் சிறிது.

அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து சீமெந்து. வெக்ஸ்போர்ட்டில் இருந்த காலத்தில் அக்கா பின்வளவில் ரோசாவும் கத்தரியும் வைத்தாள். மண் காலில் ஒட்டுகிறது என்று ஒரு கோடையில் வளவு முழுவதையும் அத்தான் சீமெந்தால் மூடினார். நாலு கார் விடலாம் என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அவரிடம் இருந்தது ஒரு கார். பிறகு ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறினார்கள். அங்கே முன்பக்கத்துப் புல்லும் போனது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மனைவி வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் ஆண்கள் எங்களுக்குள் ஏராளம். அத்தானுக்கு அந்தக் கூட்டத்தில் முன்வரிசை ஆசனம்.

கலியாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அக்கா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசிக் காலத்தில் இருக்க ஏரிக்கரையில் ஒரு மரவீடு. வடக்கே இரண்டரை மணி நேர ஓட்டத்தில் அது கிடைத்தது. முழுப் பைன் மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு. விற்ற கிழவர் வசந்தம் வந்ததும் சுவரைக் கழுவி, நாலு வருடத்துக்கொரு தடவை ஸ்ரெயின் என்ற மரச்சாயம் பூசி, பனியைச் சுவரோடு குவியவிடாமல் அள்ளி, நாற்பது வருடம் அதைப் பொத்திப் பொத்திப் பார்த்தவர். உள்ளே நுழைந்த அக்கா சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"இதை இப்பிடியே வைச்சிருப்பம், என்னப்பா?"

"ஓமோம்" என்றார் அத்தான். அவருடைய கண் அதற்குள் மரங்களுக்கு இடையிலிருந்த பூச்சில் போய் நின்றுவிட்டது. இறப்பர் போல இழுபடும் பூச்சு. இரண்டு மூன்று இடத்தில் பிளந்திருந்தது.

அதைத் திருத்த அக்கா ஜெனாட்டைக் கூப்பிட்டாள். மரவீடு பராமரிப்பதையே தொழிலாகச் செய்யும் பெண், எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். சுவரில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். முத்து முத்தாய் உருண்டு விழுந்தது. மரம் நல்லாயிருக்கிறது, பிளந்த இடத்தில் மட்டும் அதே பூச்சைப் பூசினால் போதும் என்றாள்.

"சீமெந்து வைச்சு அடைச்சால் ஒரேயடியா வேலை முடிஞ்சுது" என்றார் அத்தான்.

"ஐயோ அங்கிள், வேண்டாம். மரம் ஈரத்துக்கு ஊதும், காய்ஞ்சால் சுருங்கும். சீமெந்து அசையாது. வெடிச்சு, தண்ணி உள்ளுக்க போய் நிக்கும். பெயின்ற்றும் அடிச்சுப்போடாதேங்கோ. போன ஈரம் வெளிய வராது."

"பிள்ளை, நீர் எத்தினை வீடு செய்திருக்கிறீர்?"

"இருபத்திமூண்டு மரவீடு திருத்தியிருக்கிறன் அங்கிள்."

"நான் கேட்டது வீடு" என்றார் அத்தான்.

புதுவீடு புகும் குடிபூரலுக்கு மூன்று கிழமை இருந்தது. அறுபது பேருக்குச் சொல்லியாகிவிட்டது. ஓட்டை வீட்டுக்கா கூப்பிட்டாய் என்று சனம் கேட்குமே! அக்கா சமையலுக்குச் சாமான் வாங்க ஸ்ரௌவ்வில்லில் நின்ற நாலு நாளில், அத்தான் பழைய பூச்சையெல்லாம் கிளறி எடுத்து, எட்டு மூட்டைச் சீமெந்தை இடையில் திணித்தார். குழைத்துக் கொடுத்தது நான். ஜெனாட் சொன்னது எனக்கும் நன்றாகக் கேட்டதுதான். அத்தானோடு வாய் கொடுத்து யார் மீள்வது என்று பேசாமல் குழைத்தேன். அதற்குமேல் பளபளக்கும் மண்ணிறப் பெயின்ற், உள்ளும் புறமும் மூன்று பூச்சு.

திரும்பி வந்த அக்கா மறுபடி சுவரில் மூக்கை வைத்தாள். பெயின்ற் மணம்தான் வந்தது. குசினிக்குள் போய்ப் பால் காய்ச்ச அடுப்பை மூட்டினாள்.

குடிபூரலுக்கு வந்த ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்வீடு மாதிரியே கிடக்கு" என்றார். அத்தான் அதைவிடச் சந்தோசமாக இருந்து நான் கண்டதில்லை.

இரண்டு பனிக்காலம் போனது. முதலாவதிலேயே சீமெந்து மரத்தை விட்டு விலகி விரல் நுழையுமளவு வெடித்தது. அத்தான் அதற்குமேல் இன்னும் சீமெந்து அப்பினார். இரண்டாவது முடிந்தபோது குசினிச் சுவரிலிருந்து, ஊறிய மரத்தில் கூடு கட்டும் கறுத்த எறும்புகள் வரிசையாக வந்தன. விற்ற கிழவர் ஏமாற்றிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் அத்தான்.

அக்கா அவரைக் கேட்காமலே ஜெனாட்டை அழைத்தாள். அத்தானை ஏற்றிக்கொண்டு நானும் போனேன். ஜெனாட் அடிமரத்தில் ஸ்குரூ ட்ரைவரை வைத்து அழுத்தினாள். கேக்கில் கத்தி இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது.

"இந்தப் பக்கம் கீழ மூண்டு மரமும் வெட்டி மாத்தவேணும் அன்ரி. பெயின்ற் முழுக்க உரிக்கவேணும். ஒரு கோடை போகும். ஆனா வீடு தப்பும்."

"நான் நிண்டு செய்விக்கிறன். சீமெந்து உடைக்கிறது எப்பிடியெண்டு எனக்குக் காட்டும்" என்றாள் அக்கா.

அத்தானின் முகம் செத்துப்போனது. "உனக்காகத்தானே ராணி இவ்வளவும் செய்தனான்" என்றார். பொய்யில்லை. மனுஷன் அப்படித்தான் நம்பியிருந்தார்.

"எனக்குத் தெரியும். ஒருநாளாவது என்னைக் கேட்டுச் செய்தனீங்களே?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் எறும்பைப் பார்த்தேன்.

அக்கா கையை நீட்டினாள். "திறப்பைத் தாங்கோ. வேலை முடிஞ்சாலும் நான் இஞ்சதான் இருக்கப்போறன். நீங்கள் வாறதெண்டால் கோல் எடுத்துக் கேட்டுப்போட்டு வாங்கோ."

அவர் சாவிக்கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. குழைத்தது யாரென்று அவளுக்கும் தெரியும். அத்தானைக் காரில் ஏற்றி ஸ்ரௌவ்வில்லுக்கு ஓட்டினேன். அத்தானை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய், அக்காவுக்கு ரெலிபோனில் கோல் எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை சீமெந்து உடைக்க உளியோடு நான் வரலாமா என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.