கட்டைவிரல்

பேத்தி புதிதாக வாங்கிய யோகா பாயை விரித்ததும் கிளம்பிய ரப்பர் வாடையில், ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் வேலையின்றிக் காலியாய்க் கிடந்த கரங்கான் தோட்டத்து ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்கே போய்விட்டேன். அங்கேதான் மீசை சரியாக முளைக்காத முத்தையா அண்ணன் எங்களுக்கு யோகாசனம் சொல்லித்தருவார். கடைசியில் சவாசனம், சாக்கில் பிணம்போல் மல்லாந்து கிடப்போம், அண்ணன் வந்து கால் கட்டைவிரலைத் தொட்ட பிறகுதான் எழவேண்டும்.

காய்ச்சலில் படுத்த அண்ணனை ஒரு காலையில் லயத்து வீட்டு வாசலில் அதேபோல் கிடத்தியிருந்தார்கள்.

“அண்ணன் போயிட்டாருடி,” என்றாள் அம்மா.

“இல்லம்மா, நான் எழுப்புறேன்.”

காலடிக்குப் போனேன். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அண்ணன் எங்களுக்குத் தொட்டது இடதா, வலதா என்று நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.