பணிஸ் தட்டில் வந்த கீரை

எங்கள் ஊரில் ஒரு கட்டுக் கீரை வாங்க வழியில்லாமல் இருந்ததற்கு எங்கள் அபிவிருத்திச் சங்கத் தலைவர்தான் காரணம். வேறு யாரும் இல்லை. மரக்கறி விற்பதற்கென்று ஊர்ச்சனம் சிரமதானம் செய்து போட்ட கொட்டிலைப் பூட்டி, உள்ளே சங்கத்துப் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார். கேட்டால், "அடுத்த கூட்டத்தில கதைப்பம்" என்பார். அந்தக் கூட்டம் இன்னும் வரவில்லை.

நான் சொல்லப்போவது போன வருடம் ஆடி மாதம் நடந்தது. விசுவமடுவில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையில்தான் எங்கள் வீடு. பெரும்பாலும் மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். பெண்கள் எல்லோரும் விடியவே மற்றவர்களின் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விடுவோம். பகல் முழுக்கக் கத்தரிக்காயும் பயிற்றங்காயும் பிடுங்கி மூட்டை கட்டுவோம். லொறி வந்து தம்புள்ளைக்கு ஏற்றிக்கொண்டு போகும். நாங்கள் வீட்டுக்கு வந்து நூடில்ஸ் பக்கெட்டை உடைப்போம். ஒழுங்கையில் இருக்கும் ஒரே கடையில் அதுதான் கிடைக்கும்: நூடில்ஸ், சோயா, பிஸ்கட், கலர் சோடா. வீட்டில் நட்டால் என்ன என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வர வேண்டாம். ஆடியில் எங்கள் கிணற்றில் வாளி தரையில் முட்டும். இருந்த ஒரு முருங்கையையும் பப்பாசியையும் குரங்குகள் முறித்துப் போட்டுவிட்டன.

அப்போது என் மருமகளுக்கு ஆறு மாதம். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றார்கள். "இரும்புச்சத்துக் குளிசையோட கீரை, மீன், பழம் எல்லாம் வடிவாச் சாப்பிடோணும். இப்பிடியே விட்டால் பிள்ளைப்பேறு நேரம் ஆபத்து" என்றார் அங்கிருந்த மருத்துவிச்சி மிஸ். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"கீரைக்கு எங்க போறது மிஸ்? நீங்களே கொண்டுவந்து தாங்கோவன்" என்று சத்தம் போட்டேன். மருமகள் வெட்கத்தில் எழும்பி வெளியே போய்விட்டாள்.

அதே கோபத்தோடு திரும்பி வரும்போது, பத்து மணி போல, எங்கள் ஒழுங்கையில் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எதிரே வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சீனிப் பணிஸ், கிறீம் பணிஸ், கேக். சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடி வருகிறார்கள். நான் நடு ஒழுங்கையில் போய் நின்றுவிட்டேன்.

"இந்த ஒழுங்கைக்குள்ள வாற வாகனம் உன்ர ஒண்டுதான். அதிலயும் சீனியும் மாவுமோ ஏத்திக்கொண்டு வாறாய்? ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்தால் உன்ர ஓட்டோ ஓடாதோ?"

ஓட்டோக்காரன் நாற்பது வயது ஆள். நல்ல வண்டி வயிறு. பேசினால் பதிலுக்குப் பேசுவான் என்று பார்த்தேன். அவன் பாட்டை நிறுத்திவிட்டு மெல்லச் சிரித்தான்.

"அக்கா, என்ர பிள்ளையளுக்கே நான் பணிஸ் குடுக்கிறேல்லை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. வாற வழியில வாய்க்கால் கரையில கீரை போடுற ஆக்கள் என்னட்டைத்தான் பாண் வாங்கிறவை. நாளைக்கே கொண்டு வாறன். ஆனா விக்காட்டி மிச்சம் முழுக்க நீங்கள்தான் எடுக்கோணும். சரியோ?"

"ஓம், கொண்டு வா" என்றேன். சவால் என்றால் எனக்கு முன்பின் பார்க்கத் தெரியாது.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. சொன்னபடி வந்தான். மேல் தட்டில் பணிஸ், கீழ்த் தட்டில் பொன்னாங்கண்ணி, கங்குன், வல்லாரை. வீடுகளில் இருந்த கிழடுகளும் குஞ்சுகளும் வந்து பணிஸை வாங்கிக்கொண்டு போனார்கள். கீரையை ஒருத்தர் தொடவில்லை. ஒரு தாத்தா கையில் எடுத்து மணந்து பார்த்தார். "பட்டர் மணக்குது" என்று திருப்பி வைத்தார். கடைசியில் அத்தனை கட்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து என் குசினியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன அக்கா, ஆடு வளக்கப்போறியளோ?"

"சிரி. கொண்டுவந்தாலும் நீங்கள் ஒருத்தரும் வாங்க மாட்டியள்."

"பத்து மணிக்கு வந்தால் ஆர் வாங்கிறது? நாங்கள் தோட்டத்துக்க நிக்கிறம். உங்களுக்குக் கோவம் வந்தால் மணிக்கூடும் தெரியாது."

அவள் சொன்னது சரி. நானே தினமும் அந்த நேரம் கூலியில் நிற்கிறவள். எனக்கு அது உறைக்கவில்லை. அவளுக்கு நாலு கட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு, மறுநாள் விடிய வேலைக்குப் போகும் வழியில் கண்ட பாண்காரனிடம் பின்னேரம் வர முடியுமா என்று கேட்டேன். இந்தத் தடவை ஏசவில்லை, மருமகளுக்கு இரத்தம் குறைவு என்பதையும் சொல்லிக் கேட்டேன். பாண் விற்று முடிந்து அவன் வீட்டுக்குப் போகும் நேரம் அது. எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பி வருவது அவனுக்குச் சுற்று. இருந்தும் "வாறன் அக்கா, ஆனா றோட்டில மறிக்கக் கூடாது" என்றான்.

அவன் வருகிறேன் என்ற அன்றைக்கென்று பார்த்து எங்கள் தோட்டத்து லொறி பிந்திவிட்டது. நான் மூட்டை ஏற்றிவிட்டு வரும்போது தூரத்தில் பாட்டுக் கேட்டது. ஓடினேன். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் தட்டில் ஒரு இலை இல்லை. ஒழுங்கை முழுக்கப் பெண்கள் கையில் கீரைக் கட்டோடு நின்று கதைக்கிறார்கள்.

"சண்டை பிடிச்சது நான், தின்னுறது நீங்களோ?" என்று நான் தொடங்க, எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். பாண்காரன் வண்டி வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். எனக்கு அழுகை வரும் போல இருந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுப் படலையில் இருந்து மருமகளின் சத்தம் கேட்டது. "மாமி, கத்தாதேங்கோ. அவர் முதல்ல எங்கட வீட்டுக்குத்தான் வந்தவர். கறி அடுப்பில கிடக்கு. ரெண்டு பப்பாசியும் தந்தவர்."

நானும் சிரித்தேன்.

அவன் மாரி தொடங்கும் வரை அப்படியே வந்தான், மாரி விட்டதும் திரும்பவும் வருகிறான். மருமகள் குளிசையும் விழுங்கினாள், கீரையும் தின்றாள். இரத்தம் ஏறியது. பேத்தி பிறந்து இப்போது தவழுகிறாள். கிளினிக் மிஸ்ஸிடம் போய், அன்று பேசியது பிழை என்றும் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவன், பேச்சு வாங்கிய பிறகும், என் வீட்டுப் பிள்ளையைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்தான். கோபம் வரும்போதெல்லாம் இப்போது அந்த ஆளின் சிரிப்புத்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

ஆனால் மாரியில் எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ புதையும். அவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் எங்களுக்குக் கீரை இல்லை. இப்போது இன்னும் இரண்டு பெண்கள் எங்கள் ஒழுங்கையில் பிள்ளைத்தாச்சியாக இருக்கிறார்கள். தலைவர் அவர்களே, பாண் விற்கிற ஒருவன் தன் வீட்டுக்குப் போகிற நேரத்தைத் தந்தான். நீங்கள் கதிரைகளை எடுத்து வேறு இடத்தில் வைக்க மாட்டேன் என்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். கூட்டத்தைக் கூட்டுங்கள், மைக்கைப் பிடியுங்கள், அந்த இரண்டு பெண்களின் முகத்தைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.